பெரட்டில் ஒட்டும் பட்டியல் ஏன் 18 தாளில் வருகிறது?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாத முடிவில் ஒவ்வொருவருக்கும் எத்தனை பேர் (ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம்), எத்தனை கிலோ கொழுந்து என்று எக்செலில் பட்டியல் போட்டு, சம்பளக் கணக்கை மூடுவதற்கு முன் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்கள் கூடி வேலை பிரிக்கும் இடத்தில், ஒட்டுவோம். பிழை இருந்தால் ஆட்கள் வந்து சொல்வார்கள். திரையில் பட்டியல் ஒழுங்காக இருக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் 18 தாள் வருகிறது. முதல் ஆறு தாளில்தான் ஆட்களின் பெயர் இருக்கிறது, மற்றதில் வெறும் எண்கள். ஒரே பக்கத்தில் வரும்படி வைத்தால் எழுத்து தெரியவே இல்லை. தலைப்பு வரியை ஃப்ரீஸ் செய்திருந்தும் முதல் தாளில் மட்டும்தான் வருகிறது. அதற்கான பெட்டி பேஜ் செட்டப்பில் இருக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தால் மங்கிப்போய்க் கிடக்கிறது, தொட முடியவில்லை. சில மாதம் கடைசியில் வெறும் கோடு போட்ட தாளும் வருகிறது. பிரிண்டரும் ஒவ்வொரு தடவையும் லைட் மினுக்கிக்கொண்டு நிற்கும், பட்டனை அமுக்கினால்தான் ஓடும். வெறுத்துப்போய் டவுனில் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் கொமினிகேஷன் கடைக்கு ஃபைலை அனுப்பினால் அங்கே தமிழ்ப் பெயரெல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக மாறிவிடுகிறது. பிரிண்டரை மாற்றவேண்டுமா, எக்செலை மாற்றவேண்டுமா?

பதில்: தங்கச்சி, இரண்டையும் மாற்றவேண்டாம். ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டு மாதிரி ஃபைல் ஒன்றை அனுப்பியிருந்தீர்கள். அப்படித்தான் அனுப்பவேண்டும், சம்பள விவரம் உள்ள ஃபைலை யாருக்கும் அப்படியே கொடுக்கக் கூடாது. அதைத் திறந்து பார்த்தேன். நீங்கள் எழுதிய எல்லாக் கோளாறுக்கும் காரணம் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. பிரிண்டர் தனக்குச் சொன்னதைத்தான் செய்கிறது.

முதலில் அந்த மினுக்கும் லைட்டை முடித்துவிடுவோம், அதுதான் ஆகச் சுகமானது. உங்கள் ஷீட்டில் தாளின் அளவு லெட்டர் என்று இருக்கிறது. லெட்டர் அமெரிக்காவில் பாவிக்கும் அளவு: 216 மில்லிமீற்றர் அகலம், 279 நீளம். நம் நாட்டில் கடையில் வாங்குவதும் உங்கள் தட்டில் இருப்பதும் ஏ4: 210 அகலம், 297 நீளம். பிரிண்டர் லெட்டர் தாளைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, லைட்டை மினுக்கிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் பட்டனை அமுக்கும்போது 'இருப்பதில் போடு' என்று சொல்கிறீர்கள், போடுகிறது. யாரோ இணையத்திலிருந்து இறக்கிய மாதிரி ஃபைலில் இந்தப் பட்டியல் தொடங்கியிருக்கும். விண்டோஸில் நாடு அமெரிக்கா என்று கிடந்தாலும் இப்படி வரும். பேஜ் லேஅவுட் பட்டியில் சைஸ் என்பதை அமுக்கி ஏ4 எடுங்கள். பிரிண்டரின் சொந்த அமைப்பிலும் ஏ4 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அவ்வளவுதான்.

இனி 18 தாள். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கு விளங்கிவிட்டால் எந்தப் பட்டியலையும் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள்.

எக்செலில் நாம் கை வைக்காத ஒரு நிரல் (மேலிருந்து கீழே போகும் கொலம்) பிரிண்டில் ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் அகலம் வரும். உங்கள் பட்டியலில் 31 நாளுக்கு 31 நிரல். அது மட்டுமே 525 மில்லிமீற்றர். இலக்கம், பெயர், மொத்தக் கிலோ, மொத்தப் பேர், முற்பணம், கடன், சேமலாப நிதி, மிச்சம் எல்லாம் சேர்த்தால் 680 வரை போகிறது. ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தாலும் 297தான். எக்செல் தானாக இரண்டு பக்கமும் விடும் ஓரம் ஏறக்குறைய 18, 18. மிச்சம் 261. ஆக, குறுக்கே மூன்று தாள் வேண்டும். நீளத்தில் பார்த்தால், 170 பேரும் தலைப்பு வரிகளும் சேர்ந்து 173 நிரை (குறுக்கே போகும் வரி). சாதாரண உயரத்தில் ஒரு தாளில் 32 நிரைதான் கொள்ளும். எனவே ஆறு தாள். மூவாறு பதினெட்டு.

எக்செல் முதலில் மேலிருந்து கீழே முழுவதையும் அடித்துவிட்டு, அப்புறம் வலப்பக்கம் நகரும். பெயர் உள்ள ஆறு தாளில் 1 முதல் 12ஆம் திகதி வரை, அடுத்த ஆறில் 13 முதல் 27 வரை, கடைசி ஆறில் மீதி நாளும் மொத்தமும். உங்களுக்கு வந்தது இதுதானே? பேஜ் செட்டப்பின் ஷீட் பகுதியில் இந்த ஒழுங்கை மாற்றும் ஒப்ஷன் இருக்கிறது. ஆனால் அதை மாற்றினால் தாள் வரும் வரிசை மாறுமே தவிர 18 குறையாது.

ஒரே பக்கத்துக்குள் அடக்கியபோது நடந்ததும் இதே கணக்குத்தான். ஒரு பக்கம் என்றால் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. 173 நிரையின் உயரம் ஏறக்குறைய 915 மில்லிமீற்றர். படுக்கைத் தாளில் மேலும் கீழும் ஓரம் போக இருப்பது 172. அதற்குள் நுழைக்கவேண்டுமானால் 18 வீதமாகச் சுருக்கவேண்டும். 11 புள்ளி எழுத்து 2 புள்ளியாகிவிடும். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது.

அந்த அமைப்பில் இரண்டு பெட்டி இருக்கிறது, ஒன்று அகலத்துக்கு, மற்றது உயரத்துக்கு. அகலத்தில் 1 போட்டு உயரத்தை வெறுமையாக விட்டுவிட்டால் நீளத்துக்கு எத்தனை தாள் வேண்டுமோ அத்தனை வரும். பேஜ் லேஅவுட் பட்டியிலேயே விட்த் என்பதில் ஒரு பக்கம், ஹைட் என்பதில் ஒட்டோமெட்டிக். நெடும் பட்டியல் போடும் எல்லாரும் இதைப் பழகவேண்டும். ஆனால் உங்கள் பட்டியலுக்கு இது மட்டும் போதாது. 680ஐ 261க்குள் நுழைத்தால் 38 வீதம். எழுத்து 4 புள்ளி. மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுச் சீட்டில்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும்.

நான் பார்த்தவரை எக்செல் பிரிண்டில் சிக்கிக்கொள்ளும் எல்லாரும் முதலில் போய்க் கை வைப்பது இந்தச் சுருக்கும் வீதத்தில்தான். அது கடைசியில் தொடவேண்டியது. முதலில் தாள் அளவு, பிறகு நெட்டையா படுக்கையா என்பது, பிறகு ஓரம், பிறகு நிரலின் அகலம், எது பிரிண்டில் வரவேண்டும் எது வரக்கூடாது என்ற முடிவு. இவ்வளவும் முடிந்த பிறகும் இடம் போதவில்லை என்றால்தான் வீதம். அப்போது பெரும்பாலும் 90, 85 என்று சிறிதாகக் குறைத்தாலே போதுமாக இருக்கும்.

உங்கள் பட்டியலை இந்த ஒழுங்கில் பார்ப்போம். நாள் நிரல்களில் என்ன இருக்கிறது? 18, 22, 25 என்று இரண்டு இலக்க எண். அதற்கு எதற்கு 17 மில்லிமீற்றர்? 1ஆம் திகதி நிரலிலிருந்து 31 வரை சேர்த்துத் தெரிவுசெய்து, வலது கிளிக்கில் கொலம் விட்த் எடுத்து 3 என்று போடுங்கள். ஒரு நிரல் 7 மில்லிமீற்றருக்குள் வந்துவிடும், 31ம் சேர்ந்து 213. தலைப்பில் முழுத் திகதியை எழுதியிருக்கிறீர்கள், அதுதான் நிரலை ஒடுக்க விடாமல் வைத்தது. மாதமும் வருடமும் பட்டியலின் தலையில் ஒரு தடவை இருந்தால் போதும். கீழே வெறும் 1, 2, 3 போடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எடைக்குத் தசமத்தானம் வைத்து 18.50 என்று காட்டச் சொல்லியிருந்தால், ஒடுக்கமான நிரலில் எண்ணுக்குப் பதிலாக ### என்ற குறிகள் வரிசையாக நிற்கும். திரையில் எண் தெரிந்து பிரிண்டில் மட்டும் அந்தக் குறி வருவதும் உண்டு, ஏனென்றால் திரையும் பிரிண்டரும் எழுத்தின் அகலத்தைக் கொஞ்சம் வித்தியாசமாகக் கணக்கிடுகின்றன. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முழுக் கிலோவாகத்தானே எழுதுகிறார்கள், முழு எண்ணாகவே காட்டுங்கள். அரைப் பேர் உள்ள இடத்துக்கு ½ என்ற ஒற்றை எழுத்தைப் பாவித்தால் இடம் பிடிக்காது. ஆனால் அதை எக்செல் எண்ணாக எடுத்துக் கூட்டாது, பேர்க் கூட்டல் வேறு ஷீட்டில் நடக்கிறது என்றால் மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது கழிவு நிரல்கள். முற்பணம், கடைக் கடன், சேமலாப நிதி, மிச்சச் சம்பளம். இதெல்லாம் பெரட்டுக் களத்தில் ஏன் தொங்கவேண்டும்? ஆட்கள் அங்கே பார்க்க வருவது தங்கள் பேரும் கிலோவும் சரியா என்றுதான். இன்னார் எவ்வளவு கடன் எடுத்தார் என்பது அவருடைய சம்பளச் சிட்டையில் இருக்கவேண்டிய விஷயம், லயம் முழுக்கப் படிக்கவேண்டியது இல்லை. இது எக்செல் சம்பந்தப்பட்டது அல்ல என்று உங்கள் ஐயா சொல்லலாம், நான் அப்படி நினைக்கவில்லை. மறைத்த நிரல் பிரிண்டில் வராது. அந்த நிரல்களைத் தெரிவுசெய்து டேட்டா பட்டியில் குரூப் கொடுத்துவிட்டால் மேலே ஒரு கழித்தல் குறி வரும். ஒட்டுவதற்கு அடிக்கும்போது அதை அமுக்கி மூடுங்கள், அலுவலகப் பிரதிக்கு அடிக்கும்போது திறந்துகொள்ளுங்கள்.

ஓரத்துக்கு மார்ஜின்ஸ் பட்டனில் நேரோ என்பதை எடுங்கள். இடமும் வலமும் 6.4 மில்லிமீற்றர் மட்டும் விடும். அதற்கும் குறைத்து 0 போடலாமே என்று தோன்றும், வேண்டாம். தாளின் விளிம்பு ஓரமாகச் சில மில்லிமீற்றர் இடத்தில் பெரும்பாலான பிரிண்டர்களால் அடிக்க முடியாது, கடைசி நிரலின் கோடு வெட்டுப்படும்.

இப்போது திரும்பக் கணக்குப் பாருங்கள். இலக்கத்துக்கு 8, பெயருக்கு 35, நாள்களுக்கு 213, மொத்தக் கிலோவுக்கு 12, மொத்தப் பேருக்கு 10. கூட்டினால் 278. படுக்கை ஏ4இல் ஓரம் போக உள்ளது 284. எழுத்தைச் சுருக்காமல், 100 வீதத்திலேயே அகலம் ஒரு தாளில் அடங்கிவிட்டது. நீளத்துக்கு ஆறு தாள். பெயர்கள் நீளமாக இருந்து 35 போதவில்லை என்றால் வீதத்தை 90 ஆக்குங்கள், 30 மில்லிமீற்றர் கூடுதலாகக் கிடைக்கும். 11 புள்ளி எழுத்து 10ஐ ஒட்டி இருக்கும். காலைப் பெரட்டில், வெளிச்சம் சரியாக வராத நேரத்தில், வயதான அம்மாமார் நின்று படிக்கவேண்டிய தாள் அது. 9 புள்ளிக்குக் கீழே போகவேண்டாம் என்பது என் கருத்து. இன்னும் பெரிதாக வேண்டுமானால் ஏ3 போடக்கூடிய போட்டோகொப்பி மெஷின் உள்ள கடையில் கொடுத்து 141 வீதத்தில் பெருப்பிக்கச் சொல்லுங்கள். ஏ4 அப்படியே ஏ3 ஆகும், எழுத்தும் அதே அளவுக்குப் பெருக்கும்.

தலைப்பு வரி விஷயம். ஃப்ரீஸ் செய்வது திரைக்கு மட்டும்தான், எக்செல் பிரிண்ட் பண்ணும்போது அதைக் கவனிப்பதே இல்லை. பிரிண்டுக்கு வேறாகச் சொல்லவேண்டும். அந்தப் பெட்டி மங்கிக் கிடந்ததற்குக் காரணம் நீங்கள் போன வழி. கன்ட்ரோலும் பியும் அமுக்கி வரும் பிரிண்ட் பக்கத்தின் அடியில் பேஜ் செட்டப் என்ற இணைப்பு இருக்கிறது பாருங்கள், அதனூடாகப் போனால் தலைப்புப் பெட்டியும் பிரிண்ட் ஏரியாப் பெட்டியும் பூட்டியே இருக்கும். அங்கிருந்து வெளியே வாருங்கள். பேஜ் லேஅவுட் பட்டியில் பிரிண்ட் டைட்டில்ஸ் என்ற பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் அதே பெட்டி திறந்த நிலையில் வரும். மேலே திரும்ப வரவேண்டிய நிரைகள் என்ற இடத்தில் சொடுக்கி, ஷீட்டில் 1 முதல் 3 வரை உள்ள நிரைகளை இழுத்துக் காட்டுங்கள். $1:$3 என்று விழும். இனி ஆறு தாளிலும் திகதி வரி வரும்.

அந்த பட்டனே மங்கி இருந்தால் மூன்று காரணத்தில் ஒன்று: ஏதாவது ஒரு கலத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கும் நிலையில் இருக்கிறீர்கள், அல்லது வரைபடம் ஒன்று தெரிவாகி இருக்கிறது, அல்லது அந்தக் கம்பியூட்டரில் பிரிண்டரே போட்டிருக்கவில்லை. எஸ்கேப் அமுக்கிவிட்டு வெறும் கலம் ஒன்றில் சொடுக்கினால் முதல் இரண்டும் தீரும்.

இதோடு ஒட்டி ஒன்று. வியூ பட்டியிலும் பேஜ் லேஅவுட் என்று ஒரு பார்வை இருக்கிறது, பெயர் ஒன்றுதான், வேலை வேறு. அதற்குள் போனால் உங்கள் ஃப்ரீஸ் கழன்றுவிடும். எக்செல் முதலில் கேட்கும், நாம் வாசிக்காமல் ஓகே கொடுத்துவிடுவோம். பக்கம் எங்கே பிரிகிறது என்று பார்க்க பேஜ் பிரேக் பிரிவியூ போதும். நீலக் கோடாகக் காட்டும், ஃப்ரீஸுக்கும் ஒன்றும் ஆகாது.

கடைசியில் வரும் வெறும் கோட்டுத் தாள்களுக்குக் காரணம் உங்கள் கட்டக் கோடுகள். பட்டியல் அழகாக வரவேண்டும் என்று நிரல்களைக் கீழே வரை இழுத்துத் தெரிவுசெய்து கோடு போட்டிருக்கிறீர்கள், அது சில மாதத்தில் 173ஐத் தாண்டி நானூறு ஐந்நூறாவது நிரை வரை போயிருக்கிறது. எண் இல்லாவிட்டாலும் கோடு இருந்தால் அதையும் அடிக்கவேண்டிய பகுதி என்றுதான் எக்செல் எடுக்கும். கன்ட்ரோலோடு எண்ட் விசையை அமுக்கிப் பாருங்கள், அது எந்தக் கலத்தில் போய் நிற்கிறதோ அதுவரை பட்டியல் இருக்கிறது என்று அது நினைக்கிறது. உங்கள் கடைசி ஆளுக்குக் கீழே உள்ள நிரைகளை மொத்தமாகத் தெரிவுசெய்து வலது கிளிக்கில் டிலீட் கொடுங்கள். கீபோர்டில் உள்ள டிலீட் விசை போதாது, அது எழுத்தை மட்டும் அழிக்கும், கோடு அப்படியே கிடக்கும். பிறகு சேவ் செய்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். கோடே வரையாமல், ஷீட் ஒப்ஷன்ஸ் பகுதியில் கிரிட்லைன்ஸுக்குக் கீழே பிரிண்ட் என்பதில் சரி போட்டாலும் கட்டம் வரும். கொஞ்சம் மெல்லியதாகத்தான் இருக்கும், ஒட்டும் பட்டியலுக்கு அது போதும். சரி போட்டும் கட்டம் வரவில்லையானால் பேஜ் செட்டப்பின் ஷீட் பகுதியில் டிராஃப்ட் குவாலிட்டி தெரிவாகி இருக்கும், எடுத்துவிடுங்கள்.

சிலர் இந்த வெறும் தாளுக்குப் பிரிண்ட் ஏரியா போட்டுத் தீர்வு காண்பார்கள். அடிக்கவேண்டிய பகுதியைத் தெரிவுசெய்து செட் பிரிண்ட் ஏரியா கொடுத்துவிட்டால் அதற்கு வெளியே எதுவும் வராது. நல்ல வழிதான். ஆனால் உங்களைப் போல ஆட்களின் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு நான் அதைப் பயந்து பயந்துதான் சொல்வேன். புதிதாக நாலு பேர் வேலைக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். அவர்களைப் பட்டியலின் அடியில் சேர்க்கிறீர்கள். பிரிண்ட் ஏரியா பழைய இடத்திலேயே நின்றுவிடும். திரையில் 174 பேர், தாளில் 170 பேர். கணக்கில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் பெரட்டில் பெயர் இல்லாத நாலு பேரும், அவர்கள் சார்பில் தோட்டத் தலைவரும் காலை ஏழு மணிக்கு உங்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். பட்டியலின் கடைசியில் மொத்தம் என்ற நிரையை வைத்து, அதையும் சேர்த்துப் பிரிண்ட் ஏரியா போடுங்கள். புதிய ஆளை எப்போதும் அந்த மொத்தத்துக்கு மேலே நிரை செருகித்தான் சேர்க்கவேண்டும். உள்ளே செருகினால் பிரிண்ட் ஏரியா தானாக நீளும். கூட்டல் சூத்திரம் புதிய நிரையையும் எடுத்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தாளின் அடியில் மொத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்தாலே ஆட்கள் விடுபட்டார்களா என்பதும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கங்காணியின் ஆட்களும் தனித்தாளில் வந்தால் ஒட்டுவதற்கு வசதி என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். செய்யலாம். அடுத்த கூட்டம் தொடங்கும் நிரையைத் தெரிவுசெய்து பிரேக்ஸ் பட்டனில் இன்சர்ட் பேஜ் பிரேக். ஆனால் விட்த் பெட்டியில் ஒரு பக்கம் என்று இன்னும் கிடந்தால், அந்த அமைப்பு கையால் போட்ட பிரிப்பைக் கணக்கில் எடுக்காது. நீங்கள் பிரித்துக்கொண்டே இருப்பீர்கள், அது சேர்த்துக்கொண்டே இருக்கும். நிரலை ஒடுக்கி 100 வீதத்தில் அடக்கியதால் உங்களுக்கு இனி அந்த அமைப்பு தேவையில்லை. விட்த், ஹைட் இரண்டையும் ஒட்டோமெட்டிக்கில் விட்டு, ஸ்கேல் பெட்டியில் 100 அல்லது 90 போடுங்கள், பிரிப்பு வேலை செய்யும்.

இவ்வளவையும் மாதாமாதம் திரும்பச் செய்யவேண்டுமா? வேண்டாம், ஆனால் நீங்கள் இப்போது செய்வதை விடவேண்டும். போன மாதத்துக் கலங்களைக் கொப்பி பண்ணிப் புது ஷீட்டில் ஒட்டுகிறீர்கள். அப்படி ஒட்டினால் எண்ணும் கோடும் வரும், பேஜ் செட்டப் வராது. கீழே ஷீட்டின் பெயரில் வலது கிளிக் செய்து மூவ் ஓர் கொப்பி எடுத்து, கிரியேட் எ கொப்பி என்பதில் சரி போட்டு முழு ஷீட்டையும் பிரதி எடுங்கள். தாள் அளவு, ஓரம், தலைப்பு நிரை எல்லாம் கூடவே வரும். பிறகு எண்களை அழித்துவிட்டுப் புது மாதத்தைத் தொடங்கலாம். பழைய ஷீட்டுகளுக்கும் ஒரே அடியில் ஓரமும் தாள் அளவும் மாற்றவேண்டுமானால் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஷீட் பெயர்களைத் தெரிவுசெய்து பேஜ் செட்டப் கொடுக்கலாம். மாற்றியதும் அந்தச் சேர்க்கையைப் பிரித்துவிடுங்கள். மறந்துபோய் ஒரு கலத்தில் 24 என்று எழுதினால் எல்லா மாதத்திலும் அதே கலத்தில் 24 விழும். சம்பளக் கணக்கில் இதைவிட மோசமான விபத்து எனக்குத் தெரியாது.

கொமினிகேஷனில் எழுத்து மாறுவதற்குக் காரணம் பாமினி. அந்த எழுத்துருவில் நீங்கள் தட்டுவது ஃபைலுக்குள் இங்கிலீஷ் எழுத்தாகத்தான் கிடக்கிறது, பாமினி இருக்கும் கம்பியூட்டரில் மட்டும் தமிழாகத் தெரியும். கடைக்காரரிடம் அது இல்லை. நீண்ட காலத்துக்கு யூனிகோடுக்கு மாறுவதுதான் வழி, 170 பெயர்தானே, ஓர் ஓய்வு நாளில் மாற்றிவிடலாம். அதுவரைக்கும், யூனிகோடுக்கு மாறின பிறகும்கூட, எக்செல் ஃபைலை வெளியே அனுப்பாதீர்கள். நிரலின் அகலம் ஃபைலின் அடிப்படை எழுத்துருவை வைத்துக் கணக்கிடப்படுவது. புது ஒஃபிஸில் ஆப்டொஸ் நேரோ, அதற்கு முன்னையதில் கலிப்ரி. கடையில் பழைய ஒஃபிஸ் இருந்தால் உங்கள் எழுத்துருவுக்குப் பதில் வேறொன்று வந்து உட்காரும், 278 என்று கணக்குப் பார்த்துப் போட்ட அகலம் 290 ஆகிவிடலாம், கடைசி நிரல் அடுத்த தாளுக்கு ஓடிவிடும். பிரிண்டர் மாறினாலே பக்கம் பிரியும் இடம் கொஞ்சம் நகரும்.

அதனால் அலுவலகக் கம்பியூட்டரில் எல்லாம் சரிபார்த்து, சேவ் அஸ் கொடுத்து பிடிஎஃப் ஆக்குங்கள். தாள் எப்படி வரவேண்டுமோ அப்படியே உறைந்துவிடும், எழுத்தும் பொதுவாகக் கூடவே போகும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஸ்கிரீன்ஷொட்டாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். கடைக்காரரிடம் அளவு மாற்றாமல் அடிக்கச் சொல்லவேண்டும். பிடிஎஃப் திறக்கும் மென்பொருளில் ஃபிட் என்று கிடந்தால் அது தன்பாட்டுக்குச் சுருக்கிவிடும், அக்சுவல் சைஸ் என்பதுதான் வேண்டும்.

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைப்பு வரிக்குக் கரும்பச்சை நிறமும் வெள்ளை எழுத்தும் கொடுத்திருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சிவப்பு. உங்களிடம் இருப்பது கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். அதெல்லாம் சாம்பல் திட்டாக வந்து டோனரைக் குடிக்கும், சிவப்புக்கு மேல் உள்ள எண் படிக்கவும் வராது. பேஜ் செட்டப்பின் ஷீட் பகுதியில் பிளாக் அண்ட் வைட் என்பதில் சரி போட்டால் திரையில் நிறம் அப்படியே இருக்கும், தாளில் நிறம் இல்லாமல் கறுப்பு எழுத்தாக வரும்.

அடியில் பக்க இலக்கம் போடுங்கள். ஹெடர் ஃபூட்டர் பகுதியில் ஆயத்தமாகவே இருக்கிறது, மொத்தப் பக்கத்தோடு சேர்த்து எடுக்கவேண்டும். காற்றில் ஒரு தாள் பிய்ந்து போனால் எது போனது என்று தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்று. பனியும் தூறலுமாக இருக்கும் மாதங்களில் பிரித்த தாள்கட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அலை அலையாக வளைந்து இரண்டு மூன்றாகச் சேர்ந்து போகும், உள்ளே சிக்கும், டோனர் சரியாக ஒட்டாமல் எழுத்து உதிரும். அப்போது பேஜ் செட்டப்பில் என்ன மாற்றினாலும் பயனில்லை. பிரித்த கட்டை அதன் உறையிலேயே சுற்றி மூடிய அலமாரியில் வையுங்கள், தட்டில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு இரண்டு வரி: அங்கே ஃப்ரீஸ் செய்த நிரையை எல்லாத் தாளிலும் வரவைக்கும் தெரிவு பிரிண்ட் பக்கத்திலேயே இருக்கிறது, அகலத்துக்கு அடக்கும் தெரிவும் அதே இடத்தில். லிப்ரே ஒஃபிஸில் திரும்ப வரும் நிரையை ஃபோர்மட் பட்டியில் பிரிண்ட் ரேஞ்சஸ் என்பதற்குள்ளும், சுருக்குவதைப் பேஜ் ஸ்டைலுக்குள்ளும் தேடவேண்டும்.

பிரிண்ட் பட்டனை அமுக்குவதற்கு முன் திரையின் அடியில் 'மொத்தம் இத்தனை பக்கம்' என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். கங்காணி வாரியாகப் பிரிக்காவிட்டால் உங்களுக்கு ஆறு வரவேண்டும். பதினெட்டு என்று காட்டினால் அடிக்கவேண்டாம், சைஸிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். ஒட்டும் பிரதிக்கு இரு பக்கமும் அடிக்கும் தெரிவை எடுத்துவிடவேண்டும், பின்பக்கத்தில் இருப்பவர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஃபைலில் கோர்க்கும் அலுவலகப் பிரதிக்கு இரு பக்கமும் போடலாம். படுக்கைத் தாளை இடப்பக்கம் துளையிட்டுக் கோர்ப்பதானால் ஷோர்ட் எட்ஜில் புரட்டும் தெரிவை எடுங்கள், மற்றதை எடுத்தால் பின்பக்கம் தலைகீழாக வரும்.